பூக்குழித் தழும்பு

முத்தம்மாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்காருவாள், எழுந்திருப்பாள், கதவுப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பாள், சேவகன் முறைத்ததும் திரும்பி வருவாள். மடியில் கட்டி வந்த வெற்றிலையெல்லாம் ரயிலிலேயே தீர்ந்துபோயிற்று. வாய்க்கு வேலையில்லாமல் போனதும் மனசுக்கு வேலை கூடிவிட்டது.

உள்ளே கூடத்தில் டாக்டர்கள் கூடியிருந்தார்கள். பேராக் மாநிலம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள். வைத்தியர் சங்கம் என்று அதற்குப் பெயராம். தங்களுக்குப் பிடிபடாத நோயாளிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒருவருக்கொருவர் காட்டி யோசனை கேட்டுக்கொள்வார்களாம். தோலில் வரும் புற்றை ஆராய்வதற்கென்று அந்தச் சங்கம் புதிதாக ஒரு கமிட்டி போட்டிருந்தது. அதற்குச் செயலாளர் ஸ்கந்தராஜா என்கிற யாழ்ப்பாணத்து இளம் டாக்டர். வெள்ளைக்காரனுக்கு மூக்கிலும் காதிலும் வருகிற புற்று நம் ஆட்களுக்கு ஏன் காலில் வருகிறது என்பது அவரைத் தூங்கவிடாத கேள்வி. ஆறாத புண்ணோடு யார் இருந்தாலும் அனுப்பி வையுங்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிவிட்டிருந்தார். அப்படித்தான் மாயாண்டியும் வந்து சேர்ந்தான்.

மாயாண்டி முத்தம்மாவின் புருஷன். தாப்பாவுக்குப் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு வேலை. இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு. அதன் நடுவில் வெடித்த புண் எந்த மருந்துக்கும் மசியாமல் ஓரம் தடித்து, பூவாகப் பொங்கி நின்றது. கதவிடுக்கில் பார்த்தால் அவன் ஒரு மரப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவன் பக்கத்தில் காதோரம் கட்டியோடு, ஈயம் தோண்டுகிற லம்பத்துச் சீனர் ஒருவர். அதற்கப்பால் மூக்கில் பாதி கரைந்துபோன ஒரு வெள்ளைக்காரத் தொரை. தொரைக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. வியாதி ஒன்றாக இருந்தாலும் நாற்காலி ஒன்றாகிவிடுமா என்று முத்தம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் தவிப்புக்குக் காரணம் இருந்தது. தோட்டத்து டிரஸர் ஐயாவு அந்தக் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். தழும்பின் மேல் குத்தியது மாயாண்டிக்குத் தெரியவே இல்லை. ஐயாவு கையைக் கழுவிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, பெருவியாதியாக இருக்கும் என்றார். பெருவியாதி என்றால் குஷ்டரோகிகளை ஒதுக்கி வைக்கிற தீவு. படகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டால் அப்புறம் பெண்டாட்டியும் இல்லை, லயத்து வீடும் இல்லை. உயிரோடு கருமாதி செய்த மாதிரிதான். சங்கத்து டாக்டர்களிடம் ஒரு தரம் காட்டிவிட்டு எழுதுவோம் என்று ஐயாவு கருணை வைத்ததால் இந்த ஈப்போப் பயணம் வாய்த்தது. இன்று இந்தக் கூடத்தில் என்ன சொல்கிறார்களோ அதுதான் மாயாண்டியின் தலையெழுத்து.

அவர்கள் சரியாகச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது மாயாண்டிக்குத் தெரியும், முத்தம்மாவுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி இறங்குகிறவன் காப்புக் கட்டி விரதம் இருப்பான். அவன் மட்டும் இருந்தால் போதாது, அவன் வீட்டு அடுப்பும் இருக்க வேண்டும். கவிச்சி சட்டியில் ஏறக் கூடாது, பெண்டாட்டி தலைமுழுகாமல் உலை வைக்கக் கூடாது, இன்னும் எத்தனையோ கூடாது. நெருப்பில் இறங்கியவன் காலில் சூடு பட்டுவிட்டால் விரதம் எங்கோ கெட்டிருக்கிறது என்று பேச்சு. எங்கே என்று தேடக் கிளம்புகிறவர்கள் நேராகப் போவது அவன் பெண்டாட்டியிடம்தான். மங்களம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் காலில் ஒரே ஒரு கொப்புளம் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவள் வாளியை ஒருத்தியும் தன் வாளிக்குப் பக்கத்தில் வைக்கவிடவில்லை. புருஷனே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். அடுத்த சம்பளத்துக்குள் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சித்தியவான் பக்கம் தனியாகப் போய்விட்டாள். என்ன ஆனாளோ யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த திருவிழாவில் மாயாண்டியின் காலில் நெருப்பு ஒட்டிக்கொண்டது. அவன் முகம் சுளிக்கவில்லை. நெருப்பைத் தாண்டியதும் கால் நனைக்கிற பால்குழியில் நின்றான், சாமி கும்பிட்டான், நொண்டாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தான். கதவைச் சாத்திய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். முத்தம்மா தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

“யாருகிட்டயும் மூச்சு விடாத புள்ள. ஒனக்குத்தான் கெட்ட பேரு.”

அந்தச் சொல் முத்தம்மாவின் நெஞ்சில் அன்றைக்குத் தைத்தது. அவள் அந்த விரதத்தை நகக்கண் அளவும் பிசகாமல் இருந்தவள். புதுச்சட்டி வாங்கிப் பொங்கினவள். ஒரு வார்த்தை, நீ சரியா இருந்தியா புள்ள என்று அவன் கேட்டிருந்தால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பாள். அவன் கேட்கவில்லை. கேட்காமலே அவள் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டி, பெரிய மனசு பண்ணி மூடி மறைக்கிறான். ஊரெல்லாம் பழி சொல்லியிருந்தால்கூட அவள் எதிர்த்து நின்றிருப்பாள். இவன் காட்டுகிற இந்தப் பெருந்தன்மையை என்னவென்று எதிர்ப்பது? இத்தனை வருசமாகக் குழம்பு ஊற்றும்போதும், பாய் விரிக்கும்போதும் அந்த ஆத்திரம் அவளுக்குள் அடங்காமல் கிடந்தது.

மாயாண்டி அதோடு நிறுத்தவும் இல்லை. சட்டென்று இறங்காமல் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. அதனால் வருசா வருசம் அதே காலோடு இறங்கினான். செத்துப்போன தோல் மறுபடி சுடும், வெடிக்கும், எண்ணெயும் மஞ்சளும் வைத்தால் மாசக்கணக்கில் மெல்ல மூடும். அடுத்த திருவிழாவில் மறுபடியும் சுடும். இறங்கினால் மாயாண்டி மாதிரி இறங்க வேண்டும் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டான். போன திருவிழாவுக்குப் பிறகு புண் மூடவில்லை.

ரயிலில் வரும்போது முத்தம்மா கெஞ்சிப் பார்த்தாள். கோயில் தலைவர் சன்னாசிக் கங்காணி, தோட்டத்துச் சார்பில் கூட வந்தவர், எதிர்ப் பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல், “உள்ளதைச் சொல்லிப்புடுங்க” என்றாள்.

“தீவுக்குப் போனா நான் ஒருத்தன் போவேன். இது வெளிய தெரிஞ்சா நீ போவணும். மங்களத்தை மறந்துட்டியா?”

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது கூடத்துக்குள் பேச்சு மாயாண்டியிடம் வந்திருந்தது. நரைத்த தலை வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் குனிந்து ஊசியால் குத்தினார். மாயாண்டி அசையவில்லை. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் முத்தம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஐயாவு கையைக் கழுவும்போது பார்த்த அதே பார்வை.

ஸ்கந்தராஜா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு மாயாண்டிக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தத் தழும்பு எப்பிடி வந்தது? மறைக்காமல் சொல்லும். இதை வச்சுத்தான் நாங்கள் முடிவு எடுக்க வேணும்.”

மாயாண்டி கங்காணியை ஒரு தரம் பார்த்தான். சன்னாசி சுவரோரமாக, தலையில் தலைப்பாகையும் காலில் சப்பாத்துமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கட்டை குத்துனதுங்க.”

“கட்டை குத்தினால் இவ்வளவு அகலத்துக்குத் தழும்பு வராதே.”

“பெரிய கட்டைங்க.”

இதைக் கேட்டதும் முத்தம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய கட்டையாம். பொய் சொல்லவும் துப்பில்லாத மனுஷன், பொய்யைக் கட்டிக்கொண்டு தீவுக்குப் போகத் துணிந்துவிட்டான். சேவகன் கையை நீட்டித் தடுத்தான். அவள் அந்தக் கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கோட்டும் சூட்டுமாக அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

“கட்டை இல்லீங்க அய்யா. நெருப்பு. பூக்குழியில பட்டது.”

மாயாண்டி, “வெளிய போ புள்ள” என்றான்.

“போவ மாட்டேன்.” அவள் ஸ்கந்தராஜாவைப் பார்த்தே பேசினாள். கங்காணி நின்ற பக்கம் திரும்பினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். “வருசா வருசம் அதே எடத்துல சுட்டிருக்குங்க. நான்தான் மருந்து வச்சுக் கட்டுவேன். ஊசி குத்துனா தெரியாம இருக்கிறது இப்ப வந்தது இல்லீங்க. மொத தடவை தோலு வெந்தப்பவே போயிருச்சு.”

ஸ்கந்தராஜா எழுந்து நின்றுவிட்டார். “ஒவ்வொரு வருசமுமோ?”

“ஆமாங்க. விரதத்துல கொறை இல்லீங்க. நான் ஒழுங்காத்தான் இருந்தேன்.”

“அது எனக்கு வேண்டாம். சூடு பட்டதெண்டு தெரிஞ்சால் போதும்.”

அவருக்கு வேண்டாம்தான். சுவரோரம் நின்ற கங்காணிக்கு, ஊரைக் கூட்டி அவள் மேல் பழி போட அது போதாதா?

ஸ்கந்தராஜா மற்றவர்களிடம் வேகமாக இங்கிலீஷில் பேசினார். சற்றுமுன் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் முன்னால் வந்து குனிந்தார்கள். நரைத்த தலை டாக்டர் பூதக்கண்ணாடியை வாங்கிப் புண்ணின் ஓரத்தையே வெகுநேரம் பார்த்தார். மூக்குப் போன தொரைகூட எக்கிப் பார்த்தார். பிறகு அங்கேயே மரக்க மருந்து போட்டு, புண்ணோரத்தில் பயறு அளவுக்குச் சதையை நறுக்கி ஒரு சீசாவில் போட்டுக்கொண்டார்கள். அது கோலாலம்பூருக்குப் போகும், அங்கே கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள் என்றார் ஸ்கந்தராஜா.

அவர் சும்மா விடுகிற ஆளாக இல்லை. கங்காணியின் பக்கம் திரும்பி, “உங்கட தோட்டத்தில் இப்படிச் சூடு பட்ட ஆக்கள் வேறையும் இருப்பினமே? அவையளையும் நாங்கள் பார்க்க வேணும். ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சால் காலை எடுக்கத் தேவையில்லை” என்றார்.

சன்னாசி தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். “எங்க தோட்டத்துல யாருக்கும் சுடாதுங்க அய்யா.”

அன்று சாயங்கால ரயிலுக்கே கங்காணி கிளம்பிவிட்டார். போகும்போது முத்தம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தோட்டத்தில் இறங்குமுன்னே சேதி இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, அவை எதிரிக்கும் வரக் கூடாது. ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் அவளோடு ஒரே கப்பலில் வந்த காளியம்மா இருந்தாள். அவள் வீட்டு அடுப்படியில் முத்தம்மா படுத்துக்கொண்டாள். படுத்தாள் என்பது பேச்சுக்குத்தான். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடப்பாள், கஞ்சியைக் கொடுப்பாள், மாயாண்டி சுவரைப் பார்த்தபடியே குடிப்பான். அவன் முகம் கொடுக்கவில்லை. பதில் வந்ததா என்று வராந்தாவில் போகிற வருகிற எல்லாரையும் கேட்பாள், கூட்டுகிறவனைக்கூட விடவில்லை. திரும்பி வந்து காளியம்மா வீட்டில் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்குவாள்.

“ஒரு நிமிசம் குந்துலா முத்தம்மா. பாக்குற எனக்கே தலை சுத்துது” என்பாள் காளியம்மா.

பெருவியாதி என்று வந்தால் புருஷன் இல்லை. புற்று என்று வந்தால் புருஷன் உண்டு, ஊர் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குப் புரியவில்லை. அம்மனிடம் கேட்கலாம் என்று கண்ணை மூடினால் கோபம்தான் வந்தது. நான் சரியாத்தானே இருந்தேன், அப்புறம் ஏன் சுட்டே என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்துவிடுவாள்.

கடைசியில் ஒரு நாள் ஸ்கந்தராஜா தானே வார்டுக்கு வந்தார்.

“பெருவியாதி இல்லை. தோல் புற்று. சுட்ட தழும்பில திரும்பத் திரும்பச் சூடு பட்டு வந்தது. நல்ல காலம், இன்னும் தொடைக்கு ஏறேல்லை. முழங்காலுக்குக் கீழ எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். எடுக்காமல் விட்டால் பிழைக்க மாட்டார்.”

முத்தம்மாவுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தீவு இல்லை. அதற்குப் பிறகுதான் கால் என்ற சொல் உள்ளே போயிற்று. உடனே அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். மாயாண்டி கூரையைப் பார்த்தபடி, “எடுத்துருங்க” என்றான். அவ்வளவுதான்.

காலை எடுக்கிற அன்று காலையில் சன்னாசிக் கங்காணி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மாயாண்டி, ஒடம்பு சரியில்லாத நேரத்துல சொல்லக் கூடாதுதான். கோயில்ல கூட்டம் போட்டுட்டாங்க. இத்தினி வருசமா சுட்டுக்கிட்டே எறங்கியிருக்கே. வெரதம் ஒன் வீட்டுல கெட்டிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. தங்கச்சிய இனிமே கோயில் பக்கம் சேக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணணும். காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல இதே பேச்சுத்தான்.”

முத்தம்மா சேலை முந்தியை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். இதற்குத்தான் இத்தனை நாளாக மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறக்குமுன் மாயாண்டி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

“அவகிட்ட கெடலண்ணே. என்கிட்டதான் கெட்டது.”

“என்ன சொல்றே?”

“அந்த மொத வருசம், சூடம் சாம்பிராணி வாங்க என்னைத் தாப்பாவுக்கு அனுப்புனீங்கல்ல? சீனன் கடையில எப்பவும் ருசி பாக்கச் சொல்லி ஒரு துண்டு கருவாடு கையில வப்பான். அன்னிக்கும் வச்சான். காப்புக் கட்டியிருக்கிறது நெனப்பே இல்ல. வாயில போட்டுட்டேன்.”

“தின்னுட்டியா?”

“துப்பிட்டேன். நெனப்பு வந்ததும் துப்பி, வாயக் கொப்புளிச்சிட்டேன். ஆனா நாக்குல பட்டுருச்சே அண்ணே. எறங்கும்போதே தெரியும், அம்மா விட மாட்டான்னு. சுட்டுருச்சு. வெளிய சொன்னா நீங்கள்லாம் என்னைப் பாக்க மாட்டீங்க, இவளத்தான் பாப்பீங்க. நான் பண்ணுன தப்புக்கு இவ எதுக்கு மங்களம் மாதிரி போவணும்? அதான் மறைச்சேன். சுத்தமா வெரதம் இருந்து எறங்குனா ஒரு வருசமாச்சும் சுடாம விடுவா, மன்னிச்சிட்டான்னு தெரியும்னு பாத்தேன். ஒவ்வொரு வருசமும் பாத்தேன்.”

கங்காணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு முத்தம்மாவைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தச் சிலோன்கார டாக்டரு இன்னிக்கு எத்தினி மணி வரைக்கும் இருப்பாரு தங்கச்சி?”

முத்தம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வராந்தாக் கோடிக்குக் கையைக் காட்டினாள். அவர் எழுந்து போனார். போகும்போது ஒரு காலை லேசாக ஒதுக்கி வைத்துத்தான் நடந்தார். இத்தனை வருசமாக அதைப் பார்த்தும், அந்தச் சப்பாத்துக்குள் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வார்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆனார்கள். ஒரு துண்டுக் கருவாடு. அதுவும் துப்பிய கருவாடு. அதற்காக ஒரு மனுஷன் வருசா வருசம் நெருப்பில் நின்று ஒரு காலைத் தின்னக் கொடுத்திருக்கிறான். முத்தம்மாவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது.

“நான்தான் வெரதத்தக் கெடுத்தேன்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்கன்னு நான் இருந்தேன்” என்றாள். “இத்தினி வருசமா.”

மாயாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. உண்மையாகவே திகைத்துப்போயிருந்தான்.

“ஒன்னையா? ஒன்னை எதுக்குப் புள்ள நெனக்கப்போறேன்?”

“ஒனக்குத்தான் கெட்ட பேருன்னு சொன்னீங்களே.”

“ஆமா. ஊரு சொல்லும்னு சொன்னேன். நான் சொல்லலியே.”

இத்தனை வருசமும் அவன் தட்டில் ஊற்றிய ஒவ்வொரு கரண்டிக் குழம்பும், திரும்பிப் படுத்த ஒவ்வொரு இரவும் நினைவுக்கு வந்தன. இப்போது அவற்றை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? பக்கத்துப் பாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேர இத்தனை காலமா?

தள்ளுவண்டியோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். மாயாண்டியைத் தூக்கிப் படுக்க வைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். வண்டி நகர்ந்தது. முத்தம்மா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கதவுக்கு அப்பால் வரக் கூடாது என்று ஒருவன் சொன்னான். அவள் குனிந்து, போர்வைக்கு மேலாகவே அந்தக் காலை ஒரு தரம் அழுத்திப் பிடித்தாள்.

“உசுரோட வந்து சேருங்க” என்றாள். “ஒங்ககிட்ட சண்டை போட வேண்டியது நெறைய பாக்கி கெடக்கு.”